கங்காணியம்மாவின் உபவாசம்

செய்தி வந்தபோது பள்ளியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் கோயில் மணி முதலில் காதில் விழவில்லை. மழை சற்றுத் தணிந்த பிறகு கேட்டது. ஒன்று அடித்து, நெடுநேரம் நின்று, மறுபடி ஒன்று அடித்தது. பிள்ளைகள் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள். துக்க மணி எது என்று இந்த மலையில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். மருந்து ஆபீசில் வேலை செய்யும் ஆரோன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கங்காணியம்மா போயிட்டாவ, டீச்சர். பிள்ளியள வீட்டுக்கு விட்டுருங்க."

காய்ச்சல் முற்றிவிட்டது என்று முந்தின நாளே தெரியும். தெரிந்திருந்தும், பிள்ளைகள் போன பிறகு கரும்பலகையைத் துடைக்க எழுந்த நான் துடைக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற நம் சபையார் பலருக்கு அன்னப்பழம் அம்மாளைத் தெரியும். பெரிய கங்காணி மாசிலாமணி ஐயாவின் மனைவி. கலியாணமான புதிதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாட்டுவண்டியில் கம்பம் வந்து, அங்கிருந்து குமுளி ஏற்றத்தை நடந்து ஏறியவர். பருத்த உடம்பு, பெரிய குரல். கீர்த்தனை பாடும்போது, ஆராதனை நடத்தும் உபதேசியாரைவிட ஒரு அடி முன்னால் போய்விடுவார். உபதேசியார் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடி வருவார். கொழுந்து எடுக்கும் பெண்களில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அன்று அவளுக்கு வேலை போடாதபடி வீட்டுக்காரரிடம் சண்டை பிடிப்பார். நல்லவர். அவர் மாறுவதற்கு முன்னும் நல்லவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கெட்டவள் ஒருத்தி மனந்திரும்பிய கதையாக இது போய்விடும்.

எங்கள் சபையில் இரண்டு வகையான வீடுகள் உண்டு. மேட்டில் கங்காணியின் வீடும் அவருடைய சொந்தக்காரர் வீடுகளும் இருக்கின்றன. பள்ளத்தில் லயங்கள், கூலியாட்களின் வரிசை வீடுகள். நான் பிறந்தது லயத்தில். என் அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். மேல் வீட்டார் ஊரில் ஒரு ஜாதி, லயத்தார் இன்னொரு ஜாதி. பெயர் எழுத மாட்டேன். எல்லாரும் ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனாலும் சபைக் குருவான ஐயர் சில மாதங்களுக்கு ஒருமுறை மலையேறி வந்து நற்கருணை கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், மேல் வீட்டார் முதலில் எழுந்து பீடத்துக்கு முன்னால் முழங்காலிடுவார்கள். அவர்கள் குடித்து முடித்த பிறகே திராட்சரசப் பாத்திரம் லயத்தாரிடம் வரும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. இதற்கு எங்கள் சபையில் 'ஒழுங்கு' என்று பெயர்.

அன்னப்பழம் அம்மாள் இந்த ஒழுங்கை ஒருநாளும் யோசித்துப் பார்த்தவரல்ல. லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் வீட்டில் பிரசவம் என்றாலும், குடையும் வேதபுத்தகமுமாக இறங்கி வந்துவிடுவார். பாயில் உட்காருவார். நோயாளியின் நெற்றியில் கை வைத்து ஜெபிப்பார். ஜெபம் முடிந்ததும் வீட்டுக்காரி காப்பி கொண்டுவருவாள். அப்போது அவர் சிரித்த முகத்தோடு சொல்லுவார்:

"வேண்டாம் மக்கா. இன்னைக்கு எனக்கு உபவாசம்."

எந்த நாளில் வந்தாலும் அன்று உபவாசம். வீட்டுக்காரியின் மனம் நோகக் கூடாது என்பதற்காகக் கண்டுபிடித்த வார்த்தை அது. லயத்தில் எல்லாருக்கும் அதன் பொருள் தெரியும். நாளடைவில் அடுப்பு மூட்டுவதையே விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு மரியாள் அக்கா ஒருமுறை எல்லாரும் கேட்கச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "வருசம் முழுக்க உபவாசம் இருக்காவ. உடம்பு மட்டும் எறங்க மாட்டேங்கே!" அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு மேட்டு வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

எங்கள் லயத்தில் சந்தோஷம் என்று ஒரு கிழவி இருந்தார். பெரியம்மை என்று நாங்கள் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் படுக்கையில் விழுந்து, இனி எழமாட்டார் என்று தெரிந்த ஒரு சாயங்காலம் அன்னப்பழம் அம்மாள் ஜெபிக்க வந்தார். என் அம்மா கிழவிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் முடிந்ததும் பெரியம்மை கங்காணியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும் தாயி. நீங்க இங்க வரும்போதெல்லாம் உபவாசம் இருந்துல்லா வந்திய? எம் மவன் காய்ச்சல்ல கெடந்தப்போ வந்திய, அன்னைக்கும் உபவாசம். எங்க வீட்டுக்காரரு செத்தன்னைக்கும் உபவாசம். எங்களுக்காக இம்புட்டுப் பட்டினி கெடந்தவிய இந்த மலையில வேற யாரு இருக்கா? ஆண்டவர்கிட்ட போனதும் நான் மொத அதத்தான் சொல்லுவேன்."

அன்னப்பழம் அம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது.

"அத மட்டும் சொல்லாத, சந்தோஷம்" என்றார்.

பிறகு என் அம்மா பக்கம் திரும்பினார். "காப்பி இருக்கா?"

நோயாளிக்குக் கேட்கிறார் என்று அம்மா நினைத்துவிட்டார். "பெரியம்மைக்கு எறங்காதும்மா, தண்ணியே எறங்க மாட்டேங்கு."

"அவளுக்கு இல்லட்டீ. எனக்கு."

அம்மா எழுந்து அப்படியே நின்றார். "உங்களுக்கு... இன்னைக்கு..."

"உபவாசம் இல்ல."

கருப்பட்டிக் காப்பி போட்டு, இருந்த ஒரே டம்ளரை அம்மா சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். பயத்தில் கருப்பட்டி கூடிப்போயிருந்தது என்று பின்னால் சொன்னார். கங்காணியம்மா அதை அடிமட்டும் குடித்தார். குடிக்கும்போது அழுதார் என்று லயத்தில் கதை கட்டிவிட்டார்கள். அழவில்லை. கசாயம் குடிக்கிற பிள்ளையைப் போல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

பெரியம்மை நம்பிச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்ற வழக்கு லயத்தில் இன்றுவரை தீரவில்லை. நம்பித்தான் என்பார் என் அம்மா. "அந்தக் கெழவியா? நாக்குல அரம்லா வச்சிருந்தா!" என்பார் மரியாள் அக்கா. அன்னப்பழம் அம்மாளிடம் ஒருமுறை கேட்டேன். "எப்படிச் சொன்னா என்ன, டீச்சர்? பொய் என்னுதுதானே" என்றார்.

எங்கள் பிரசங்கங்களில் 'உலகம்' என்றால் கள்ளுக்கடை, கூத்து, அம்மன் கொடை. உலகத்தைப் போல இருக்காதீர்கள் என்று உபதேசியார் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் தலையாட்டுவோம். நம்முடைய பாட்டிமார் பாம்படத்தைக் கழற்றினார்கள், நெற்றித் திருநீற்றை அழித்தார்கள், பெயரை மாற்றினார்கள். உலகத்தை விட்டாயிற்று என்று இருந்துவிட்டோம். அந்தக் காப்பிக்குப் பிறகு ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு அன்னப்பழம் அம்மாள் சொன்னார்: "உலகம் கள்ளுக்கடையில இருக்குன்னுல்லா நெனச்சேன். அது என் அடுக்களைக்குள்ளயே ஒக்காந்து சோறு தின்னுருக்கு, டீச்சர். நானே வெளம்பியிருக்கேன்."

அவருக்கு ஒரே மகள், கிருபை. ஏறக்குறைய என் வயது. பள்ளிக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வருவாள். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம். மாசிலாமணி ஐயாவின் அக்காள் மகன் சாலமோனுக்கு அவளைக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. அவர் ஊரில் வாத்தியார். கிருபை அவருக்காகத் தலையணை உறைகளில் பூத்தையல் போட்டு வைத்திருந்தாள். அவர் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். பிரியமான கலியாணம்.

லயத்தில் காப்பி குடித்த செய்தி தானாகவே மலையிறங்கி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஐயர் நற்கருணைக்கு வரவிருந்த வாரத்தில் சாலமோனின் அம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அந்த வீட்டில் நடந்த பேச்சைப் பின்னால் கிருபை எனக்குச் சொன்னாள்.

"ஏளா அன்னப்பழம், நீ லயத்துல காப்பி குடிச்சேன்னு ஊருல ஒரே பேச்சு. நான் நம்பல. பொறாமையில சொல்லுதாவன்னு எல்லார் வாயையும் அடைச்சு வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம கோயில்ல நீ எப்பமும் போல மொத ஆளா போயி முட்டுப் போட்டுட்டேன்னா, கையோட நாள் குறிச்சிட்டுப் போயிருவோம். அம்புட்டுத்தான்."

"குடிச்சது நெசந்தான் மைனி" என்றாராம் அன்னப்பழம் அம்மாள்.

"நான் ஒங்கிட்ட அதக் கேக்கல."

மாசிலாமணி ஐயா கெஞ்சியிருக்கிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் குரலைக் கேட்டவர்கள், அவர் கெஞ்சினார் என்றால் நம்பமாட்டார்கள். "ஒரு தடவ போயிரு. பிள்ள கலியாணம் முடியட்டும். பொறவு நீ எங்க வேணா நில்லு, நான் கேக்க மாட்டேன்." கிருபை அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "ஒரு ஞாயித்துக்கெழமதானேம்மா" என்றிருக்கிறாள்.

"ஒரு ஞாயித்துக்கெழமதான் மக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருந்தவர்கள் இதைப் படித்தால், நான் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை என்று சாட்சி சொல்லுவார்கள். ஐயர் பீடத்திலிருந்து திரும்பி நின்றார். மாசிலாமணி ஐயா எழுந்தார். அக்காளும் சாலமோனும் எழுந்தார்கள். கிருபை எழுந்து போய் முழங்காலிட்டு, தன் வலது பக்கத்தில் ஓர் ஆள் முழங்காலிட இடம் விட்டாள். அன்னப்பழம் அம்மாள் எழவில்லை. மாசிலாமணி ஐயா திரும்பிப் பார்த்தார். ஐயரும் அந்த வெற்றிடத்தின் முன்னால் சிறிது நேரம் நின்றார். பிறகு அதைத் தாண்டிப் போனார். மேல் வீட்டார் முடிந்து, லயத்து ஆண்கள் முடிந்து, நாங்கள் போனோம். மரியாள் அக்காவுக்கும் பின்னால், கடைசி ஆளாக அவர் வந்தார். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். 

சாலமோனின் அம்மா கோயில் வாசலிலிருந்தே வண்டிக்கு ஆள் அனுப்பினார். சாலமோன் அம்மாவின் பின்னால் போனார். சம்பந்திக்காகக் காய்ச்சிய ஆட்டுக்கறி முழுவதையும் அன்னப்பழம் அம்மாள் லயங்களுக்குப் பங்கு வைத்து அனுப்பினார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. "இது அந்தப் பிள்ளையோட நிச்சயக் கறிட்டீ" என்று சொல்லி அம்மா சட்டியை மூடி வைத்தார். ஆக்கிய கறியை வீணாக்கக் கூடாது என்று கடைசியில் சாப்பிட்டோம். யாருக்கும் இறங்கவில்லை.

அடுத்த தை மாதம் சாலமோனுக்கு வேறிடத்தில் கலியாணம் ஆனது. கிருபை தலையணை உறைகளைப் பிரித்து நூலைத் திரும்பச் சுற்றி வைத்தாள். அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. உப்பு இருக்கிறதா, விறகு நனைந்ததா என்பதைப் பேசினாள். அதற்கு மேல் பேசவில்லை. மாசிலாமணி ஐயா மனைவியை ஒரு சொல் திட்டியதில்லை. அன்னப்பழம் அம்மாள் பரிமாறும்போது நிமிர்ந்து பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

லயத்தில் எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். மரியாள் அக்கா நேராகவே கேட்டார்: "நீங்க எப்பமும் போல முன்னாலயே போயிருக்கக் கூடாதா கங்காணியம்மா? இப்ப கங்காணி எங்களல்லா மொறைக்காவ!"

அன்னப்பழம் அம்மாள் சிரித்துவிட்டார். அந்த நாட்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். "முன்னால போனா ஆண்டவருக்கு ஆகல, பின்னால போனா ஒனக்கு ஆகல. நான் எங்கதாம்ளா போவேன்?"

அதற்குப் பிறகு லயத்துக்கு வரும்போது உபவாசம் என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை. கொடுத்ததைக் குடித்தார். நன்றாக இல்லாவிட்டால், "ஏட்டி, இதுக்கு உபவாசமே தேவலையே" என்று சொல்லியும் குடித்தார்.

நடந்ததைக் கேள்விப்பட்ட வேறொரு ஐயர், மலையடிவாரத்தில் நடக்கும் கூட்டத்தில் வந்து சாட்சி சொல்லும்படி அவரைக் கூப்பிட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கூப்பிட்டார். அன்னப்பழம் அம்மாள் வர முடியாது என்று சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்டேன். பலருக்குப் பிரயோஜனமாக இருக்குமே என்றும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார்.

"நான் அங்கன நின்னு சொன்னா கூட்டம் மொத்தமும் ஸ்தோத்திரம்னு சொல்லும். எம் மவ மட்டும் இங்கன ஒக்காந்து அழுவா. கொடுத்தது நான் இல்ல, டீச்சர். அவ கலியாணத்த அவளக் கேக்காம எடுத்துல்லா கொடுத்துட்டேன்."

"அப்படியென்றால் செய்தது தப்பு என்கிறீர்களா?"

"தப்பு இல்ல. மறுபடி வந்தாலும் அங்கதான் நிப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்காவ வலிக்காம இருக்குமா?"

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் காய்ச்சல் கண்டது. மலைக்காய்ச்சல் எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்துவிட்டோம். கிருபை இராப்பகலாகப் பக்கத்தில் இருந்தாள். நெற்றியில் துணி போட்டாள், கஞ்சி ஊட்டினாள், சேலை மாற்றினாள், வாயைத் திறக்கவில்லை. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு அம்மாதான் பேசியிருக்கிறார். அதை அடக்கம் முடிந்த மறுநாள் கிருபை என்னிடம் சொன்னாள். எழுதலாமா என்று கேட்டு, சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

"நான் போன பொறவு ஒனக்கு வேற எடம் பாப்பாவ. கோயில்ல நீ முன்னால போகணும்னா போ மக்கா. எனக்காவ நீ பின்னால நிக்காத. அம்மைக்காவ நின்னா அதுவும் வேசந்தான். ஒனக்கா ஒரு நாளு தோணும். தோணாட்டாலும் நீ எம் மவதான்."

அடக்கத்துக்கு ஊரிலிருந்து யாரும் வரவில்லை. மழையில் பாதை சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள், சரிந்தது உண்மைதான். மேல் வீட்டாரும் லயத்தாரும் மாறி மாறிச் சுமந்தோம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மேல் வீட்டார் சுமந்தார்கள். லயத்தார் குழிவெட்டி, மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டு நின்றார்கள். ஐயர் ஜெயங்கொண்டவர்களைப் பற்றிப் பேசினார். மாசிலாமணி ஐயா குழியின் ஓரத்தில், மனைவியின் குடையைப் பிடித்தபடி, விரிக்காமல் நனைந்துகொண்டு நின்றார்.

பாதை சரியாகும் வரைக்கும் ஐயர் தங்கியதால் அடுத்த ஞாயிறு நற்கருணை நடந்தது. கிருபை எங்கே எழுந்து போவாள் என்று பார்க்காதவர்கள் அன்று கோயிலில் யாருமில்லை; நானும் பார்த்தேன். மேல் வீட்டார் எழுந்தார்கள். அவள் எழவில்லை. மரியாள் அக்கா என் கையைக் கிள்ளினார். லயத்து ஆண்கள் போனார்கள், நாங்களும் போய்த் திரும்பினோம். கடைசியில் ஐயர் பாத்திரத்தோடு நின்று அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐயர் பாத்திரத்தைப் பீடத்தில் வைத்து வெள்ளைத் துணியால் மூடினார்.

வெளியே வந்ததும் அவளாகவே சொன்னாள்:

"எங்கம்மை செஞ்சது சரிதான், டீச்சர். என் வாழ்க்க போனதும் நெசம். ரெண்டையும் வச்சிக்கிட்டு எங்க போயி நிக்கன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியாம போயிக் குடிக்கக் கூடாதுல்லா?"

இத்தனை வருஷமாக எழுந்து போய்க் குடித்து வந்த எங்களில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை. அன்னப்பழம் அம்மாள் இருந்திருந்தால் மகளை இழுத்து அணைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அதை நான் செய்யத் தயங்கினேன். பக்கத்தில் நடந்தேன், சேறு வழுக்குகிற இடத்தில் மட்டும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்னப்பழம் அம்மாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இனி அவர் கடைசி ஆளாக வந்து குடித்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் பேசுவார்கள். பேசட்டும். எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது, சாகக் கிடந்த நாளில் தன் பெண்ணிடம் அவர் சொன்ன கடைசி வார்த்தைகளை. அவ்வளவு விலை கொடுத்துத் தான் அடைந்த மாற்றத்தை, தன் மகளிடமிருந்து அவர் கேட்டு வாங்கவில்லை. தோணாட்டாலும் நீ எம் மவதான்.